மூடுபடையில் முளைக்கும் பங்கசுகள்: ஆறு மாரிகளின் அனுபவம்

கிளிநொச்சியில் எங்கள் வளவிலுள்ள மிளகாய், கத்தரி, பயற்றை, தேசி ஆகியவற்றுக்கு ஆறு வருடங்களாக, மண்ணின் ஈரம் காக்கப் பரப்பும் மூடுபடை இட்டு வருகிறேன். காலபோக அறுவடை முடிந்ததும் கிடைக்கும் வைக்கோல், மர ஆலையிலிருந்து ஏற்றிவரும் மரத்தூள், வளவில் உதிரும் சருகு ஆகியவற்றையே பயன்படுத்துகிறேன். சோளகம் வீசும் மாதங்களில் கிணற்று நீரை மிச்சப்படுத்த இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை. ஆனால் ஐப்பசியில் மழை பிடித்து, மூடுபடை காய இடமில்லாமல் போனதும் அதில் பங்கசுகள் கிளம்பத் தொடங்கும்.

முதல் மாரியில் ஒரு காலை, கத்தரிப் பாத்தியில் அரைத்த மஞ்சளைக் கரைத்து ஊற்றியதுபோல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படலம் கிடந்தது. முந்திய மாலை அங்கே எதுவும் இருக்கவில்லை. பயந்துபோய், கடையில் சொன்ன பங்கசுநாசினியை வாங்கி இரண்டு தடவை விசிறினேன். அந்தச் செலவு முழுவதும் வீண். அது உண்மையில் பங்கசே அல்ல; மக்கும் பொருளிலுள்ள பற்றீரியாக்களை உண்டு வாழும் சளிப்பூஞ்சை என்ற வேறோர் உயிரி; அது பயிரைத் தின்பதில்லை. ஓரிரு நாளில் வெளிறிக் காய்ந்து, மெல்லிய ஓட்டுக்குள் கருங்கபிலத் தூளாகிவிடும். இப்போது ஈரமாக இருக்கும்போதே அள்ளிக் கூட்டெருக் குழியில் போட்டுவிடுகிறேன். காய்ந்தபின் கிளறினால் பறக்கும் தூள் இழுப்பு உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

வைக்கோலுக்குள் ஓடும் வெண்ணிற இழைகளும், விதைபோன்ற முட்டைகளைத் தாங்கிய சிறு கிண்ணக் காளான்களும், ஒரே நாளில் கறுத்து உருகிவிடும் குடைக்காளான்களும் மக்குதலின் அடையாளங்களே. அவற்றை அப்படியே விட்டுவிடலாம். பக்கத்து வளவு அக்கா ஒருமுறை, "தம்பி, இது கறிக்கு ஆகுமோ?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வைக்கோலில் வளரும் உண்ணத்தக்க காளானின் மொட்டும் சில நஞ்சுக் காளான்களின் மொட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகையால் தானாக முளைத்த எதையும் நாங்கள் சமைப்பதில்லை.

உண்மையில் அஞ்ச வேண்டியது ஸ்கிளெரோட்டியம் ரொல்ப்சி என்ற பங்கசுக்குத்தான். நான்காம் வருடம், காய்க்கத் தொடங்கிய மிளகாய்க் கன்றுகள் நீர் இருந்தும் வாடின. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன்: மண்ணோடு ஒட்டிய தண்டில் தோல் கபில நிறமாக அழுகியிருந்தது, அதைச் சுற்றி விசிறிபோல் வெள்ளைப் பஞ்சு படர்ந்திருந்தது, பஞ்சின் நடுவே கடுகு மணியளவில் உருண்டைகள், இளையவை வெள்ளை, முற்றியவை கபிலம். இந்த உருண்டைகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மூடுபடையில் காணும் வெண்மை தண்டைத் தொடாமலும் கடுகு உருண்டை இல்லாமலும் இருந்தால் கவலையில்லை. இரண்டும் சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது என்பதே நான் கற்ற வேறுபாடு.

நோய்க் கன்றுகளை அடிமண்ணோடு அகழ்ந்து எரித்தேன். கூட்டெருக் குழியில் போடவில்லை. அந்தப் பாத்தியில் அடுத்த போகம் சோளன் போட்டேன். கச்சானும் வெங்காயமும் இதே நோய்க்கு ஆளாகக்கூடியவை என்பதால் தவிர்த்தேன். ஆனியில் மண்ணை நனைத்து, தெளிந்த பொலித்தீனால் மூடி, காற்றில் கிளம்பாதபடி ஓரங்களைப் புதைத்து ஆறு வாரம் வெயிலில் வேகவிட்டேன். அதன்பின் எல்லாக் கன்றுகளுக்கும் தண்டிலிருந்து ஒரு சாண் விட்டே மூடுபடை இடுகிறேன். புரட்டாதி முடிவில் விறாண்டியால் பாதியை இழுத்து, இரண்டு விரற்கடை உயரத்துக்குமேல் விடுவதில்லை. சென்ற மாரியில் மூன்று கன்றுகள் மட்டுமே வாடின.

மரத்தூளை மட்டும் மரக்கறிப் பாத்திகளிலிருந்து முற்றாக நீக்கிவிட்டேன். மழையில் அது அடைபோல் இறுகுகிறது. பச்சைத்தூள் மக்கும்போது மேல்மண்ணின் நைதரசனையும் இழுத்துக்கொள்வதால் கன்றுகள் மஞ்சளிக்கின்றன. இப்போது அது தேசி மரங்களின் கீழ், அடிமரத்துக்கு எட்டாத வட்டத்தில் மட்டும் கிடக்கிறது.