கிராப்பா, ஃபுல் ஃப்ரேமா: பாடியை விடுங்கள், லென்ஸ் பையைத் திறங்கள்

நிக்கான் டி7200-ஐ ஆறு வருடம் வைத்திருந்தேன். 2022 டிசம்பரில் அதைக் கொடுத்துவிட்டு செகண்ட் ஹேண்டில் ஒரு டி750 வாங்கினேன். முன்னதில் படம் பதிகிற சென்சார் சின்னது, அதற்குக் கிராப் என்று பெயர். பின்னதில் பெரிது, அது ஃபுல் ஃப்ரேம். மும்பையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அரங்கேற்றம், கச்சேரி, கோயில் உற்சவம் என்று சனி ஞாயிறுகளில் கேமராவும் தோளுமாகத் திரிகிறவன் என்பதால், "கிராப்பிலிருந்து ஃபுல் ஃப்ரேமுக்கு மாறலாமா?" என்று மாதம் ஒருவராவது கேட்கிறார். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் ஃபுல் ஃப்ரேம் பக்கம் சாய்ந்தவன், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தெரிந்த கதையை முதலில் முடித்துவிடலாம். நிக்கானின் கிராப் சென்சார் 23.5க்கு 15.6 மி.மீ. ஃபுல் ஃப்ரேம் என்பது பழைய 35 மி.மீ. ஃபிலிமின் அளவு, ஏறக்குறைய 36க்கு 24. பரப்பளவில் 2.3 மடங்கு. மெகாபிக்சல் என்னுடைய இரண்டு கேமராவிலும் 24தான். எடை, பேட்டரியோடு 765 கிராம் எதிர் 840. தோளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஷட்டர் வேகத்தில் கிராப்காரன்தான் ஒரு படி மேல்: டி7200 1/8000 வினாடி வரை போகும், டி750 1/4000-த்தோடு நின்றுவிடும். மத்தியான வெயிலில் லென்ஸ் துவாரத்தை எஃப் 1.8 வரை அகலத் திறந்து எடுக்கிறவர்களுக்குத்தான் அது உறைக்கும். பகல் வெளிச்சத்தில் எடுத்துக் குடும்ப வாட்ஸப்பில் போட்ட படங்களில் எது எந்தக் கேமரா என்று எனக்கே தெரியாது.

மேடையில்தான் கணக்கு மாறுகிறது. பரதநாட்டியத்துக்கு ஃப்ளாஷ் அடித்தால் குருவே எழுந்து வந்துவிடுவார். ஜதிக்கு ஆடும்போது 1/250க்குக் கீழே இறங்கினால் விரல்கள் கரைந்துவிடும். பதம் தொடங்கியதும் விளக்குக்காரர் மஞ்சளைப் போட்டு வெளிச்சத்தை இறக்குவார். அப்போது எஃப் 2.8 திறந்து, ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்வை, 6400-க்கு ஏற்றுவது தவிர வேறு வழியில்லை. டி7200-ல் அந்த 6400-க்குப் போனால் அரக்குப் பட்டு மணல் தூவினாற்போல ஆகும். பின்னலில் சுற்றிய மல்லிகைச் சரம் ஒரே வெள்ளைப் பட்டையாகத் தெரியும். டி750-ல் அதே 6400-ல் பூ பூவாக நிற்கிறது. வித்தியாசம் ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது வெளிச்சம் இரட்டிப்பாகிற ஒரு படிக்கு, சற்று மேல் என்பது பரப்பளவுக் கணக்கு. என் கண்ணுக்கும் அவ்வளவுதான் தெரிகிறது. கேட்கச் சின்னதாக இருக்கும். மேடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவனுக்கு அது 1/125க்கும் 1/250க்கும் உள்ள தூரம்.

சரி, இனி யாரும் கடையில் சொல்லாத இரண்டு குறைகள்.

என்னிடம் ஒரு 85 மி.மீ. எஃப் 1.8 இருந்தது. கிராப்பில் நடுப்பகுதி மட்டும் பதிவதால் அது கிட்டத்தட்ட 128 மி.மீ. போலக் கிட்டத்தில் பார்க்கும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் ஆடுகிற பெண்ணின் இடுப்புக்கு மேலே அழகாக ஃப்ரேமில் நிற்கும். டி750-ல் மாட்டி அதே வரிசையில் உட்கார்ந்தேன். பெண் முழுசாகத் தெரிந்தாள், பக்கத்தில் குத்துவிளக்கு தெரிந்தது, நட்டுவாங்கக்காரர் முழங்கையும் தெரிந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னே போக முடியாது. கடைசியில் ஒரு 70-200 எஃப் 2.8 தேட வேண்டியதாயிற்று. அது ஒன்றரைக் கிலோ. பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கு, கொடுத்ததைவிட அதற்குக் கொடுத்தது அதிகம். ஆக, மேடைக்காரர்கள் பாடி விலையை மட்டும் வைத்து பட்ஜெட் போடக் கூடாது.

இரண்டாவது, கேமரா ஃபோகஸ் பிடிக்கிற புள்ளிகள். இரண்டு கேமராவிலும் 51. எண்ணிக்கை ஒன்று, பரவல் வேறு. டி7200-ல் அவை ஃப்ரேமின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓரளவு போகும். டி750-ல் நடுவிலே கும்பலாக உட்கார்ந்திருக்கும், வாசலில் போட்ட சின்னக் கோலம் மாதிரி. கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து, தலைக்கு மேலே கைகளுக்கும் இடம் விட்டு எடுத்தால் முகம் வரைக்கும் புள்ளி எட்டிவிடும். முகம் ஓரத்துக்கு நகர்ந்தால் எட்டாது. முதல் இரண்டு நிகழ்ச்சியில் நகைக்கு ஃபோகஸ், முகம் மங்கல் என்று பத்து இருபது படம் போயிற்று. உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத புது வகை மிரர்லெஸ் கேமராக்களில் புள்ளிகள் ஏறக்குறைய ஃப்ரேம் முழுக்க இருப்பதால் இந்தத் தொல்லை கிடையாது. அந்தப் பக்கம் போக எனக்குப் பணம் பற்றவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஏன் ஃபுல் ஃப்ரேம் என்கிறேன்? லென்ஸ்கள் என்ன விலைக்குத் திரும்பிப் போகின்றன என்பதால்.

தாராவியில் கல்யாணம் எடுக்கிற அண்ணாச்சி ஒருவர், திருநெல்வேலிப் பக்கம். பொங்கலுக்கு 90 அடி ரோட்டில் வரிசையாகப் பானை பொங்குவதைப் படம் எடுக்கப் போன இடத்தில் பழக்கம். அவரிடம் யோசனை கேட்டபோது சொன்னார்: "தம்பி, பாடி வாங்குறது சாப்பாடு வாங்குற மாதிரி, தின்னா தீந்துச்சு. லென்ஸ் நகை. அவசரத்துக்கு விக்கலாம். ஆனா எல்லா நகையும் ஒண்ணு கிடையாது பாத்துக்கோ. கல்லு வச்சத விக்கப் போனா கல்லுக்கு எடை கழிச்சிருவான்லா." அன்றைக்கு எனக்கு அது முழுசாகப் புரியவில்லை. ஃபோர்ட்டில் புரிந்தது.

இப்போது சி.எஸ்.எம்.டி. ஆகிவிட்ட வி.டி. ஸ்டேஷனில் இறங்கி எதிர்ச் சந்துகளில் நுழைந்தால் பழைய கேமரா வாங்கி விற்கிற கடைகள். பையிலிருந்து மூன்று லென்ஸை எடுத்துக் கண்ணாடி மேஜையில் வைத்தேன்: கேமராவோடு கிட்டில் வந்த 18-140, ஒரு 35 எஃப் 1.8, அப்புறம் அந்த 85. முதல் இரண்டும் கிராப்புக்கென்றே செய்தவை. மூன்றாவது ஃபுல் ஃப்ரேமுக்கானது. கடைக்காரர் 18-140-ஐத் தலைகீழாகத் திருப்பி, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற சின்ன நெம்பியை நகத்தால் தள்ளினார். உள்ளே இதழ்கள் திறந்தன. மொபைல் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் கண்ணை வைத்தார். பேசவில்லை, லென்ஸை என்னிடம் நீட்டினார். கண்ணாடி ஓரத்தில் எட்டுக்கால் பூச்சி நூல் விட்ட மாதிரி வெள்ளையாக ஒரு கிளை. பூஞ்சை. பார்த்த மாத்திரத்தில் 7,000 சொன்னவர், "பாய், டாயி ஹஜார்" என்றார். 2,500.

35-க்கு 5,500 சொன்னார், பூஞ்சை எதுவும் இல்லாமலே. 85-ஐ நான் 2016-ல் பழையதாக 21,000-க்கு வாங்கியிருந்தேன். அதற்கு 18,000 தருவதாகச் சொன்னார். ஆறு வருட வாடகை 3,000 ரூபாய். விற்கவில்லை, திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன். விலைகள் அன்றைக்கு எனக்குச் சொன்னவை, நீங்கள் போகிற நாளில் வேறாக இருக்கும். விகிதம் பெரிதாக மாறாது என்று நினைக்கிறேன்.

ஏன் இப்படி? கிராப்புக்கென்று செய்த லென்ஸை வாங்க வருகிறவர் கிராப் பாடி வைத்திருக்கிறவர் மட்டும்தான். ஃபுல் ஃப்ரேம் லென்ஸை இரண்டு கூட்டமும் வாங்கும். கூடவே, மிரர்லெஸ்ஸுக்குப் போனவர்களும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு மாட்டிக்கொள்வார்கள். அதிலும் லென்ஸுக்குள்ளேயே மோட்டார் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் இல்லாத பழைய டி வகை லென்ஸ்களை அந்த அடாப்டரில் போட்டால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, கையால்தான் திருக வேண்டும். கிராப் லென்ஸை டி750-ல் மாட்ட முடியும். ஆனால் கேமரா நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, 24 மெகாபிக்சலைப் பத்துக்குச் சற்று மேல் ஆக்கிவிடும். கேனான்காரர்களுக்கு இதுவும் இல்லை. கிராப்புக்கென்று செய்த அவர்களுடைய ஈஎஃப்-எஸ் லென்ஸ் பழைய ஃபுல் ஃப்ரேம் எஸ்எல்ஆரில் உட்காரவே உட்காராது. மிரர்லெஸ்ஸில் அடாப்டர் போட்டால் உட்காரும், அங்கேயும் படம் வெட்டுப்படும்.

பூஞ்சைக்கு கிராப், ஃபுல் ஃப்ரேம் என்ற பேதம் கிடையாது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே நனைந்த துணி. என் 18-140 இரண்டு மழைக்காலம் துணிப்பைக்குள், இரும்பு பீரோவுக்குள் தூங்கியது. தப்பு என்னுடையதுதான். ஆனால் பராமரிப்புச் செலவை விலையோடு சேர்த்துப் பாருங்கள். லென்ஸைப் பிரித்துத் துடைக்க எனக்குச் சொன்ன கூலி 3,000. 2,500 ரூபாய் லென்ஸுக்கு 3,000 செலவழிக்க எனக்கென்ன பைத்தியமா? அதே பூஞ்சை 70-200-ல் வந்தால் யோசிக்காமல் கொடுப்பேன். கிராப் லென்ஸில் ஒரு தடவை பூஞ்சை வந்தால் அதோடு கதை முடிந்தது.

இப்போது எல்லாமே சமையலறைப் பாணியில்தான். ரப்பர் விளிம்பு வைத்த பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர், நாலு பொட்டலம் சிலிக்கா ஜெல். மீட்டர் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. 60-ஐத் தொட்டால் நீல மணிகள் இளஞ்சிவப்பாகியிருக்கும். பழைய தவாவில் கொட்டிச் சின்னத் தணலில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்தத் தவாவில் அப்புறம் தோசை சுடக் கூடாது. இதை வீட்டில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பறவைக்காரர்களுக்கு என் வக்காலத்து செல்லாது. சிவ்ரி சேற்றில் பூநாரை பார்க்க நான் போனது மொத்தம் நாலு காலை. ஆனாலும் கணக்கு தெளிவு: 200-500 லென்ஸை கிராப்பில் மாட்டினால் 750 மி.மீ. போலப் பார்க்கும், 24 மெகாபிக்சலும் பறவைமேலே விழும். ஃபுல் ஃப்ரேமில் அதே அளவு பறவை வேண்டுமென்றால் வெட்ட வேண்டும், மிஞ்சுவது பத்து. காலை வெயிலில் ஐஎஸ்ஓவும் ஏறாது. அவர்கள் கிராப்பிலேயே இருக்கலாம். வீடியோவுக்கும் நான் சாட்சியில்லை. என் கேமராவில் வீடியோ பொத்தானை அமுக்கியது அக்கா மகள் பிறந்தநாளன்று, அதுவும் தெரியாமல்.

மாறுவதென்று முடிவு செய்தால் பாடியைக் கடைசியில் வாங்குங்கள். கிராப் பாடியிலேயே ஒவ்வொன்றாக ஃபுல் ஃப்ரேம் லென்ஸ் சேருங்கள். எனக்கு அந்த 85 அப்படித்தான் தற்செயலாக வந்தது, மாற்றத்தின் பாதிச் சுமையை அதுவே இறக்கிவிட்டது. பழைய பாடி வாங்கும்போது ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். டி750-க்கு கம்பெனி சோதித்துச் சொன்ன ஆயுள் 1,50,000. நான் வாங்கியது 41,000-ல் இருந்தது.

என் டி7200-ஐ வாங்கியவர் முலுண்டில் இருக்கிற ஒரு பேங்க்காரர். பறவைப் பைத்தியம். 35-ஐயும் கடைக்குக் கொடுக்காமல் அவரிடமே 6,500-க்குத் தள்ளிவிட்டேன். போன மார்ச்சில் சிவ்ரியிலிருந்து ஒரு படம் அனுப்பினார்: பூநாரை தலையைக் கவிழ்த்துச் சேற்றை அலசுகிறது, அலகிலிருந்து சொட்டுகிற தண்ணீர் தனித்தனி முத்தாகத் தெரிகிறது. "உங்க கேமராதான் சார்" என்று கீழே எழுதியிருந்தார். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணல் ஒன்றும் தெரியவில்லை.