போனுக்கு ஒரு ஃபில்டரா, வீட்டுக்கே ஒரு ஸ்ப்ளிட்டரா? மலை வீடுகளின் மந்தமான நெட்டுக்கு ஓர் அலசல்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் லேண்ட்லைனின் செம்பு ஒயரிலேயே இன்னும் பிராட்பேண்ட் ஓட்டிக்கொண்டிருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். ஃபைபர் வந்துவிட்டவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். மற்றவர்களுக்கு என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய வீடு, இரண்டு மூன்று இடத்தில் போன் பாயின்ட் என்றால், ஒவ்வொரு போனுக்கும் ஃபில்டர் மாட்டுவதைவிட லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரே ஒரு ஸ்ப்ளிட்டர் (லைனைப் பேச்சுக்கும் நெட்டுக்கும் தனித்தனியாகப் பிரித்துவிடும் சின்னப் பெட்டி) வைப்பதுதான் சரி.

ஒரே ஜோடி ஒயரில் பேச்சும் போகிறது, நெட்டும் போகிறது. பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் இடம் போதும். செம்பு ஒயர் பிராட்பேண்டின் பழைய முறையான ஏடிஎஸ்எல் ஏறத்தாழ 25 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1,104 வரை போகும். அதன் வேகமான வடிவமான ஏடிஎஸ்எல்2 பிளஸ் 2,208 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும். கீழே இருப்பதை மட்டும் போனுக்கு விட்டு, மேலே இருப்பதைத் தடுப்பதுதான் ஃபில்டரின் வேலை. ஃபில்டர் இல்லாத போன் ஒன்று லைனில் இருந்தால், அந்த உயர் அலைவரிசைகளையும் அது தன் பங்குக்கு இழுத்துக் குழப்பிவிடும். ரிசீவரைத் தூக்கினால் நெட் அறுந்து போவதும், பேசும்போது காதில் உஸ்ஸென்று இரைவதும் இதனால்தான்.

சரி, எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை. லைன் முதலில் வந்து சேரும் ரோசெட் பெட்டியைக் கண்டுபிடியுங்கள். வீட்டிலுள்ள எல்லா போனையும் கழற்றிவிட்டு, மோடத்தை மட்டும் குட்டை ஒயரில் நேராக அந்த ரோசெட்டில் மாட்டுங்கள். உள்ளே ஓடும் எக்ஸ்டென்ஷன் ஒயர்களையும் ஸ்க்ரூவிலிருந்து விடுவித்துவிட்டால் இன்னும் நல்லது. கை வைக்கும்போது மணி அடித்தால் 75 வோல்ட் அளவுக்கு ஏசி வரும், சுரீர் என்று இருக்கும். அதனால் ஈரக் கையோடு வேண்டாம், இடி மின்னல் நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

இப்போது மோடத்தின் பக்கத்தைத் திறந்து (பிரவுசரில் பெரும்பாலும் 192.168.1.1) இணைப்பு வேகத்தோடு இன்னும் இரண்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று அட்டென்யுவேஷன். ஒயரின் நீளத்தில் கரைந்துபோகும் சிக்னல் எவ்வளவு என்பது இது. 0.5 மில்லிமீட்டர் செம்பில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் போகும். இன்னொன்று எஸ்என்ஆர் மார்ஜின், அதாவது இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு தெம்பாக நிற்கிறது என்பது. இது 6 டெசிபலுக்குக் கீழே போனால் லைன் அடிக்கடி அறும். 10-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. பிறகு எல்லாவற்றையும் பழையபடி மாட்டி அதே எண்களையும் இணைப்பு வேகத்தையும் பாருங்கள். வேகம் தடாலென்று விழுந்தால் கோளாறு வீட்டுக்குள். இரண்டு முறையும் ஒரே மாதிரி மோசமாக இருந்தால் கோளாறு வெளியே. அப்படியானால் ஃபில்டரும் வேண்டாம், ஸ்ப்ளிட்டரும் வேண்டாம்.

மலையில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் எதிர்ச்சரிவில் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காகப் பக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. கேபிள் ரோட்டோடு வளைந்து வளைந்துதான் வரும். 4 கிலோமீட்டர் ஒயர் என்றால் 55 டெசிபல் கரைந்துவிடும். அந்த வீட்டில் என்ன மாட்டினாலும் ஓரிரண்டு எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

கோளாறு வீட்டுக்குள்தான் என்று தெரிந்தபின்தான் நம் போட்டி தொடங்குகிறது.

போனுக்குப் போன் ஃபில்டர்

இதில் ஸ்க்ரூடிரைவர் வேலையே இல்லை. சுவரைத் தொட வேண்டாம், வீட்டுக்காரரைக் கேட்க வேண்டாம். வாடகை வீடு, ஒரே போன், அதன் பக்கத்திலேயே மோடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே செய்யலாம். மோடத்துக்குப் போகும் ஒயரில் மட்டும் ஃபில்டர் கூடாது. அவசரத்தில் மோடத்தை ஃபில்டரின் 'போன்' என்று எழுதிய துளையில் செருகிவிட்டு டிஎஸ்எல் விளக்கு ஏன் எரியவில்லை என்று தவிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சிக்கல் பெரிய வீட்டில்தான். எது எது லைனில் தொங்குகிறது என்று வீட்டில் இருப்பவருக்கே தெரியாது. ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் அறைக்கு ஒரு போன் வைத்திருப்பார்கள். பரணில் கிடக்கும் ஃபேக்ஸ் மெஷின் இன்னும் லைனில் இருக்கும். பழைய காலர் ஐடி பெட்டி சோபாவுக்குப் பின்னால் மாட்டியபடியே இருக்கும். இவற்றில் ஒன்றை விட்டுவிட்டாலும் மற்ற ஃபில்டர்கள் போட்ட காசு வீண். ஃபில்டர்களை அடுக்கிக்கொண்டே போகவும் முடியாது. ஒவ்வொன்றும் லைனுக்குக் கொஞ்சம் சுமைதான். நான்கைந்துக்கு மேல் போனால் போனிலேயே குரல் மங்கும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. ஃபில்டர் தடுப்பது போனைத்தான், அந்தப் போன் வரைக்கும் ஓடும் ஒயரை இல்லை.

நுழையும் இடத்தில் ஒரே ஸ்ப்ளிட்டர்

கட்டபெட்டுப் பக்கம் என் சித்தப்பா வீட்டில் இதை நேரில் பார்த்தேன். போன் ஒன்றே ஒன்று, அதற்கு முறையாக ஃபில்டர். ஆனாலும் சாயங்காலமானால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். வந்த லைன்மேன் மோடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவுட்ஹவுஸுக்குப் பழைய எக்ஸ்டென்ஷன் ஏதாச்சும் போகுதுங்களா?" என்றுதான் கேட்டார்.

"அது எப்பவோ எடுத்தாச்சே, தம்பி" என்றார் சித்தப்பா.

எடுத்தது போனைத்தான். ரோசெட் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரே ஸ்க்ரூவில் இரண்டு ஜோடி ஒயர். இரண்டாவது ஜோடி ஜன்னல் சட்டத்துக்கு மேலே ஏறி, கூரை ஓரமாகப் போய், கொல்லைப்புறத்தைத் தாண்டி, யாரும் குடியில்லாத அறையின் சுவரில் முனை பிரிந்து நின்றது. ஏறக்குறைய முப்பது மீட்டர். ஸ்க்ரூவைச் சுற்றிப் பச்சைக் களிம்பு வேறு. லைன்மேன் அந்த ஜோடியைக் கழற்றி, களிம்பைச் சுரண்டி, வந்த லைனை மட்டும் திருகி மூடினார். ராத்திரி வீடியோ நிற்காமல் ஓடியது.

முனையில் ஒன்றுமே இல்லாத ஒயர் எப்படிக் கெடுக்கும்? பக்க ஒயருக்குள் போன சிக்னல் அந்தத் திறந்த முனையில் மோதித் திரும்பி வருகிறது. செம்பில் சிக்னல் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அந்தக் கணக்கில், பக்க ஒயரின் நீளம் எந்த அலைவரிசையின் அலைநீளத்தில் கால் பங்காக இருக்கிறதோ அந்த அலைவரிசையைத் திரும்பி வரும் சிக்னல் அப்படியே அடித்துப் படுக்கவைத்துவிடும். ஐம்பது மீட்டர் ஒயர் என்றால் 1,000 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழும். முப்பது மீட்டர் என்றால் 1,650 பக்கம், அதாவது ஏடிஎஸ்எல்2 பிளஸ்ஸின் மேல்பாதியில். செம்பிலேயே ஓடும் இன்னும் வேகமான முறையான விடிஎஸ்எல் இன்னும் உயரத்தில் ஓடுவதால் அதற்குப் பத்து மீட்டர் ஒயரே போதும் வினையாக.

ஸ்ப்ளிட்டர் ஜெயிப்பது இங்கேதான். வெளியிலிருந்து வரும் லைன் முதலில் ஸ்ப்ளிட்டரின் 'லைன்' துளைக்குப் போகும். வீட்டுக்குள் ஓடும் பழைய ஒயர் அத்தனையும், எங்கே போகிறது என்று தெரியாததும் சேர்த்து, 'போன்' துளைக்குப் பின்னால். மோடத்துக்குத் தனியாக ஒரு குட்டை ஒயர். எந்த எக்ஸ்டென்ஷன் எங்கே பிரிந்து கிடந்தாலும் நெட் சிக்னலின் கண்ணுக்கு அது தெரியாது. எதையும் எண்ண வேண்டாம், தேட வேண்டாம்.

இதில் தொல்லை மோடம் இருக்கும் இடம்தான். லைன் நுழைவது முன்வாசலில், உட்கார்ந்து வேலை செய்வது பின்கட்டில் என்று இருக்கும். பழைய பங்களாக்களின் கருங்கல் சுவரைத் தாண்டி வைஃபை போகாது. அதற்காக மோடத்தை உள்ளே தள்ளி வைத்து, கடையில் கிடைக்கும் தட்டை போன் ஒயரை இருபது மீட்டருக்கு இழுப்பவர்கள் உண்டு. அந்த ஒயரில் முறுக்கு கிடையாது. ட்யூப்லைட், இன்வெர்ட்டர், பக்கத்தில் ஓடும் கரண்ட் ஒயர் எல்லாவற்றின் இரைச்சலையும் வாரிக்கொள்ளும். மோடம் வாசலிலேயே இருக்கட்டும், அங்கிருந்து லேன் கேபிளை உள்ளே இழுங்கள். நூறு மீட்டர் வரை வேகம் குறையாமல் போகும். மறுமுனையில் ஒரு வைஃபை ரவுட்டர். மோடத்தையே நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால் கேட்5 கேபிளின் (முறுக்கிய ஜோடிகள் கொண்ட லேன் கேபிள்) ஒரு ஜோடியைப் போன் ஒயராகப் பயன்படுத்துங்கள்.

இணையத்தில் தேடினால் 'மூன்றாம் எண் ஒயரைக் கழற்றுங்கள், வேகம் கூடும்' என்று ஓர் அறிவுரை திரும்பத் திரும்ப வரும். அது பிரிட்டன் வீடுகளுக்கானது. அங்கே மணி அடிக்கத் தனி ஒயர் ஒன்று எக்ஸ்டென்ஷன்களுக்குப் போகும், அது இரைச்சலைப் பிடிக்கும். நம் ரோசெட்டுக்கு வருவது இரண்டே ஒயர். அதில் ஒன்றைக் கழற்றினால் போனே போய்விடும்.

இரண்டுக்கும் அடங்காத கோளாறு

ரோசெட்டில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு சாதாரண போனை மட்டும் மாட்டுங்கள். ஏதாவது ஓர் எண்ணை அழுத்தி டயல் டோனை நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். கரகரவென்று கேட்டால் வெளியே ஏதோ ஒரு ஜாயின்ட்டில் ஈரம் இறங்கியிருக்கிறது. இன்னொரு அடையாளம் விசித்திரமானது: போனை எடுத்துப் பேசும்போது நெட் நன்றாக ஓடும், வைத்ததும் படுத்துவிடும். களிம்பு ஏறிய ஜாயின்ட்டில் பேச்சுக்கான மின்னோட்டம் பாயும்போது தொடர்பு தற்காலிகமாக ஒட்டிக்கொள்வதால் வரும் வினை அது.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இது ஆனி ஆடியில் வரும். கோத்தகிரி, குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழையோடு. ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு மறுபடி அதே கதை. ஜெல் அடைத்த கனெக்டர் போட்டு அழுத்தச் சொல்லிக் கேளுங்கள். புகார் கொடுக்கும்போதும் 'நெட் ஸ்லோ' என்று சொல்லாதீர்கள், 'போனில் கரகரப்பு' என்று சொல்லுங்கள். முன்னதற்கு மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்வார்கள், பின்னதற்கு ஆள் வருவார்.

ஃபைபர் வந்துவிட்டால்

தெருமுனை வரை வந்துவிட்டது என்றால் மேலே சொன்ன அத்தனையையும் மறந்துவிடலாம். கண்ணாடி இழைக்கு ஈரமும் களிம்பும் ஒன்றும் செய்யாது. மின்னல் ஒயர் வழியாக மோடத்துக்குள் இறங்கும் பயமும் பெருமளவு போய்விடும். மோடத்துக்குப் பதிலாக வரும் ஃபைபர் பெட்டியில் ஒளி அளவு மைனஸ் 8-க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கும் கீழே போனால் ஜன்னல் சட்டத்தில் இழை எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆனால் மலையில் செம்புக்கு இரண்டு சாதகம் உண்டு. செம்பு நோயாளியாகவாவது உயிரோடு கிடக்கும். ஃபைபர் ஓடினால் முழுசாக ஓடும், சீகை மரம் ஒன்று கம்பத்தின் மேல் விழுந்தால் அடியோடு நிற்கும். அறுந்த இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஆள் வந்தால்தான் மறுபடி உயிர். அடுத்தது கரண்ட். லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வருவதால் ஊரே இருட்டானாலும் டாக்டருக்குப் போன் போடலாம். ஃபைபர் பெட்டி கரண்ட் போன நொடியில் செத்துவிடும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடென்றால் பெட்டிக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றைச் சேர்த்தே வாங்குங்கள்.

4ஜி ரவுட்டரைப் பற்றியும் கேட்பார்கள். டவர் நேரே தெரியும் ஜன்னல் இருந்தால் நல்லது. பள்ளத்துக்குள் இருக்கும் வீடென்றால் காசைக் கையிலேயே வைத்திருங்கள்.

ஃபைபருக்கு மாறினாலும் வீட்டுக்குள் ஓடும் பழைய போன் ஒயரைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. ஃபைபர் பெட்டியின் போன் துளையிலிருந்து அந்த ஒயருக்கு இணைப்புக் கொடுத்தால் சமையலறை போனும் மாடி போனும் பழையபடி அடிக்கும். அதற்கு முன்னால் வெளியிலிருந்து வரும் செம்பு ஜோடியை ரோசெட்டிலிருந்து கட்டாயம் கழற்றிவிடுங்கள். லைன் ரத்தானாலும் அதில் 48 வோல்ட் வந்துகொண்டிருக்கலாம், புதுப் பெட்டியின் போன் துளை அதைத் தாங்காது.