கொசுப்புழு சோதனைக்கு ஆள் வந்தால் மாடிச் சாவியையும் எடுத்துக் கொடுங்கள்

எங்கள் நகராட்சியிலிருந்து வீடு வீடாக வரும் டெங்கு கொசுப்புழு சோதனையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. காசு கேட்காத சேவை என்பதாலோ என்னவோ, பலர் கேட்டிலேயே "இங்க ஒண்ணும் இல்லம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அது ரொம்ப வருத்தம்.

எங்கள் தெருவுக்கு வரும் அக்கா தினக்கூலிக்கு வேலை பார்ப்பவர். கையில் டார்ச், நோட்டு, கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து. பின்கட்டு டிரம்மைப் பார்த்துவிட்டு பிரிட்ஜை நகர்த்தச் சொன்னார். பின்னால் தண்ணீர் சொட்டி நிற்கும் தட்டில் டார்ச் அடித்தால், புழுக்கள் நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி கீழே போகின்றன! தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஈரமே இல்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று அவரே தேய்த்துக் காட்டினார். முட்டை கொசுவாகிப் பறக்க எட்டு, பத்து நாள் ஆகும். "வாரத்துக்கு ஒருக்கா தேய்ச்சிட்டீங்கன்னா எனக்கு இங்க வேலையே இல்லம்மா" என்றார்.

அபேட் ஊற்றினால் தண்ணீர் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். குடிநீருக்கே லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கிறது.

குறை என்றால், எல்லாம் வருகிற ஆளைப் பொறுத்துத்தான். அந்த அக்கா லீவில் இருந்தபோது வந்தவர் மாடி ஏறவே இல்லை, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூடி உடைந்த தொட்டியும் பழைய டயரும் கிடப்பது மாடியில்தானே? பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு யாரும் திரும்ப வருவதில்லை. பாதியில் நிற்கும் அடுக்குமாடியின் லிப்ட் குழியில் மழைத்தண்ணீர் அப்படியே கிடக்கிறது, இத்தனைக்கும் இப்படிப்பட்ட இடத்துக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்க 1939ஆம் ஆண்டு பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

இதையெல்லாம் விட்டுவிட்டு எல்லோரும் கேட்பது கொசு மருந்துப் புகை அடிக்கிற வண்டியைத்தான். புகை பட்டால் பறக்கிற கொசு சாகும், அவ்வளவுதான், தண்ணீருக்குள் இருக்கும் புழு அப்படியே இருக்கும். ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு, வீட்டுக்குள் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், தெருவில் அடிக்கிற புகை அங்கே எங்கே போய்ச் சேரப்போகிறது?

என் மதிப்பெண் 5க்கு 4. எங்கள் பக்கம் காலை பத்து மணி வாக்கில் வருவார்கள், வேலைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துச் சொல்லிவிட்டுப் போகலாம்.