லொறித் தராசில் ஏறிய வெள்ளை வான்: 12 பவுணுக்கு 5க்கு 4

கொத்து ரொட்டி வான் ஒன்று கட்டவேண்டும் என்பது எங்கள் வீட்டில் மூன்று வருடப் பேச்சு. லண்டன் ஈலிங் அம்மன் தேருக்கும் கோடையில் வரும் ஊர்ச்சங்க விளையாட்டுப் போட்டிகளுக்கும் கூடாரம், கொத்துத் தட்டு, சிலிண்டர் எல்லாவற்றையும் இரண்டு காரில் அடைத்துக்கொண்டு திரிந்து அலுத்துப்போனோம். இந்தப் பங்குனியில் ஒரு பழைய ஃபியட் டுக்காட்டோ அகப்பட்டது. 2017 மொடல், நீளம் ஆறு மீற்றர். பார்சல் ஏற்றி ஓடியது. ஸ்டிக்கர் உரித்த தடம் பக்கவாட்டில் இன்னும் தெரிகிறது.

வானைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று வாங்குமுன் அறிய இரண்டு இடத்தில் காசு கொடுத்தேன். இணையத்தில் ஒரு வாகன வரலாற்று அறிக்கை, 20 பவுண். பழைய இரும்பு வாங்கும் ஒரு யார்டில் லொறித் தராசு, 12 பவுண். இந்த விமர்சனம் அவை இரண்டையும் பற்றியது.

விற்றவர் போனிலேயே சொல்லிவிட்டார்: "இது மாக்ஸி. சமையலறை என்ன, வீடே கட்டலாம்." மாக்ஸி என்றால் டுக்காட்டோவில் கூடின பாரம் தாங்கும் வகை. எனக்கும் அதைக் கேட்கத்தான் ஆசை. சித்தப்பாதான் குறுக்கே விழுந்தார். யாழ்ப்பாணத்தில் வெங்காய லொறி ஓட்டிய மனிசன். "மொத்தப் பாரம் கிடக்கட்டும் தம்பி, அச்சுப் பாரம் பாத்தனியோ?" என்றார். முன் சக்கரச் சோடியும் பின் சக்கரச் சோடியும் தனித்தனியே தாங்கும் எடை அது. நான் பார்க்கவில்லை.

அறிக்கை இரண்டு நிமிடத்தில் வந்தது. கடன் பாக்கி இல்லை, களவு போன வாகனம் இல்லை, விபத்தில் கழித்துவிட்டதும் இல்லை, எம்ஓடி என்ற வருடாந்தச் சோதனையில் பதிந்த மைல் கணக்கும் ஒழுங்கு. அதற்கெல்லாம் நன்றி. ஆனால் எடை என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு எண்: 3,500 கிலோ. அது வி5சி என்ற வாகனப் பதிவுப் பத்திரத்தில் (லொக் புக்) எஃப்.1 கட்டத்தில் சும்மாவே இருக்கிறது. டுக்காட்டோவில் 35 என்று பெயர் போட்ட வகைகளில் சாதாரணமும் 3,500, மாக்ஸியும் 3,500. வித்தியாசம் அச்சில் இருக்கிறது. அச்சைப் பற்றி அறிக்கையில் ஒரு சொல் இல்லை. பாரத்துக்காக வாங்குகிறவர்களுக்கு அந்த அறிக்கை 5க்கு 2.

உண்மையான பதில் இலவசமாகவே கிடைத்தது. பொனற்றைத் திறந்தால் முன் குறுக்குச் சட்டத்தில் ஒரு சின்னத் தகடு. எண்ணெய்ப் பிசுக்கு மூடிக் கிடந்தது. துணி போதவில்லை, நகத்தால் சுரண்டித்தான் வாசித்தேன். சேசிஸ் நம்பருக்குக் கீழே நான்கு வரி. முதலாவது வானின் உச்சப் பாரம், 3500. இரண்டாவது பின்னால் ட்ரெய்லர் கட்டினால் இரண்டுக்கும் சேர்த்த உச்சம். அப்புறம் "1" என்று போட்டு 1850, "2" என்று போட்டு 2000. முன்னச்சும் பின்னச்சும். மாக்ஸியாக இருந்தால் அந்தக் கடைசி வரியில் 2400 இருந்திருக்கும்.

சந்தேகத்துக்குச் சக்கரத்தையும் பார்த்தேன். மாக்ஸிக்கு 16 அங்குலம் வரும், இதில் 15. பின் ரயரில் 109 என்ற குறியீடு. ஒரு ரயர் 1,030 கிலோ தாங்கும் என்று அர்த்தம், இரண்டும் சேர்த்து 2,060. தகட்டோடு ஒத்துப்போகிறது. விற்றவரிடம் காட்டினேன். "எல்லா டுக்காட்டோவும் ஒன்றுதான்" என்றார். பிறகு தானாகவே 600 பவுண் குறைத்தார்.

இன்னொன்று. 1850ஐயும் 2000ஐயும் கூட்டினால் 3850 வரும். அவ்வளவு ஏற்றலாம் என்று எனக்கு ஒருவர் சொல்லியும் தந்தார். முடியாது. மொத்தம் 3,500ஐத் தாண்டக்கூடாது, அதற்குள் எந்த அச்சும் தன் எண்ணைத் தாண்டக்கூடாது. மூன்றும் தனித்தனி எல்லை.

இனித் தராசு. தகடு எவ்வளவு தாங்கும் என்று சொல்லும். வான் இப்போது எவ்வளவு என்பதை நிறுத்தால்தான் தெரியும். விற்றவரின் பையனை வாசலில் இறக்கிவிட்டு நான் மட்டும் ஏற்றினேன். எனக்கு முன்னால் நெளிந்த இரும்புக் கட்டில்களோடு ஒரு லொறி. என் முறை வந்தபோது ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மா, எதற்காக நிறுக்கிறாய் என்று கேட்டார். சொன்னதும் முன் சக்கரம் மட்டும், முழு வான், பின் சக்கரம் மட்டும் என்று மூன்று தடவை நிறுக்க வைத்தார். பிரேக்கிலிருந்து காலை எடு, ஹான்ட் பிரேக்கையும் விடு என்று கையால் காட்டினார். இரும்புத் தளம் மெதுவாக ஆடி நின்றது. அச்சான சீட்டில் முன் 1,260, பின் 800, மொத்தம் 2,060. மூன்று தடவைக்கும் ஒரே கட்டணம்.

அந்தச் சீட்டோடுதான் எங்கள் வான் உண்மையில் உருவாகத் தொடங்கியது. மொத்தத்தில் 1,440 மிச்சம், பின்னச்சில் 1,200. தாராளம் போலத்தான் தெரியும். கொத்துத் தட்டு 90 கிலோ. வாயு சிலிண்டருக்கு 19 கிலோ என்று பெயர். இரும்பையும் சேர்த்தால் 40ஐத் தாண்டும், அதில் இரண்டு. தண்ணீர் 100 லீற்றர் என்றால் 100 கிலோ. குளிர்சாதனப் பெட்டி, எவர்சில்வர் மேசைகள், ஒட்டுப்பலகைத் தரை, ஜெனரேற்றர், இன்னும் இரண்டு ஆட்கள்.

அதைவிட எங்கே வைக்கிறோம் என்பது பெரிய விசயம். எங்கள் முதல் படத்தில் தண்ணீர்த் தாங்கி பின்கதவோடு, பின்னச்சுக்கு 80 சென்ரிமீற்றர் பின்னால் இருந்தது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 4,035 மில்லிமீற்றர். கணக்குப் போட்டால் அந்த 100 கிலோ பின்னச்சில் 120 ஆக இறங்குகிறது, முன்னச்சிலிருந்து 20ஐத் தூக்குகிறது. சீசோப் பலகைதான். இந்த வானுக்கு முன்சக்கரம்தான் இழுப்பு. அது இலேசானால் மழையில் நனைந்த புல்லில் நின்ற இடத்திலேயே சுற்றும். விளையாட்டு மைதானத்துக்குப் போகிறவனுக்கு இது விளையாட்டில்லை. தாங்கியை இருக்கைகளுக்குப் பின்னால் கொண்டுவந்தோம்.

அளவுக்கு மேல் ஏற்றிப் பிடிபட்டால் 10 சதவீதத்துக்குள் 100 பவுண், 15 வரை 200, அதற்கு மேல் 300. 30ஐத் தாண்டினால் நீதிமன்றம். என் லைசன்ஸ் 1997க்குப் பிந்தியது, ஆகவே 3,500 கிலோ வான் வரைதான் ஓட்டலாம். சித்தப்பா 1994இல் இங்கே லைசன்ஸ் எடுத்தவர், ஏழரை தொன் வரை ஓட்டுவார். அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை.

தராசுக்கு ஏன் ஐந்து போடவில்லை? பிற்பகல் மூன்றரைக்குப் பூட்டிவிடுகிறார்கள், சனிக்கிழமை கிடையாது, வாசல் பாதை ஒரே குழி. வேலைக்குப் போகிறவர் அரை நாள் லீவு போடவேண்டும். எண்களும் 20 கிலோப் படியில்தான் வரும்; எங்கள் வேலைக்கு அது போதும்.

வேலை முடிந்தபின் தண்ணீர் நிரப்பி, சிலிண்டர் ஏற்றி, மூன்று பேரும் ஏறி, மறுபடி போனோம். அதே அம்மா, அதே 12 பவுண். முன் 1,420, பின் 1,820, மொத்தம் 3,240. பின்னச்சில் 180 கிலோ மிச்சம். சீட்டைப் பார்த்த மனைவி, இன்னொரு ஃப்ரீசர் வைக்கலாமே என்றாள். ரொட்டிப் பெட்டிகள் நான்கு, ஒவ்வொன்றும் 15 கிலோ. அவை இன்னும் ஏறவில்லை என்றேன். இப்போது அவை என் இருக்கைக்குப் பின்னால் வருகின்றன. சட்டையெல்லாம் எண்ணெய் வாசம்.