சேற்றுக்கடியில் கேட்கும் எதிரொலி: பினாங்கு நீரிணையில் சிர்ப் புரொஃபைலர், நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பினாங்கு நீரிணைபோல ஆழம் குறைந்த, சேறு மண்டிய நீரில் கடலடிப் படிவுகளைப் படிக்க 2–8 கிலோஹெர்ட்ஸ் சிர்ப் புரொஃபைலரைத்தான் முதலில் பரிந்துரைப்போம். அதிர்வெண் படிப்படியாக மாறும் ஒலித்துடிப்பைக் கீழே அனுப்பி, கடலடிக்கு அடியிலிருந்து திரும்பும் எதிரொலியைப் பதியும் கருவி இது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. திரையில் கோடாகத் தெரிவது மண் அல்ல. அடர்த்தியையும் ஒலிவேகத்தையும் பெருக்கி வரும் ஒலித்தடை எங்கே மாறுகிறதோ, அங்கே ஒரு கோடு விழுகிறது. அதற்கு மண்ணின் பெயர் வைப்பது நம் வேலை. தவறு பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது.

முதல் சிக்கல் துடிப்பின் நீளம். ஆழ்கடலுக்கென்று வைத்திருக்கும் 20 மில்லி செகண்ட் அமைப்பு இங்கே உதவாது. கருவிக்குக் கீழே 8 மீட்டர் நீர் இருந்தால் எதிரொலி சுமார் 10 மில்லி செகண்டில் திரும்பிவிடும். அனுப்புவதும் கேட்பதும் ஒரே கருவி என்றால், அது பாதி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே பதில் வந்துவிடுகிறது. 5 மில்லி செகண்டோ அதற்கும் குறைவாகவோ வையுங்கள். துல்லியம் இதனால் கெடாது. அது அலைப்பட்டையின் அகலத்தைப் பொறுத்தது. 2 முதல் 8 வரையிலான 6 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கணக்குப்படி 12.5 சென்டிமீட்டர் கிடைக்கும்.

ஒலிவேகத்தை 1,500 என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். நம் வெதுவெதுப்பான நீரில் அது விநாடிக்கு 1,540 மீட்டரை ஒட்டி இருக்கும். 15 மீட்டர் ஆழத்தில் இந்த வித்தியாசம் மட்டுமே 40 சென்டிமீட்டர் பிழையைத் தரும். படகு 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்துக்கு மேல் ஓடினால், கருவியைத் தாங்கும் கம்பத்தைச் சுற்றிக் குமிழி கிளம்பி, பதிவில் வெள்ளைக் கீற்றுகள் விழும். தானியங்கி ஒலிப்பெருக்கத்தைப் பதிவின்போது அணைத்துவிடுங்கள். அது வலுவான எதிரொலியையும் மெலிந்ததையும் ஒன்றாக்கிவிடும்.

அடுத்தது, கடலடிக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையே ஒலி மறுபடி போய்வருவதால் வரும் பொய்க்கோடு. நீர் எவ்வளவு ஆழமோ, கடலடிக்குக் கீழே அவ்வளவு தூரத்தில் அது தோன்றும். அதனால்தான் அமாவாசை, பௌர்ணமி ஓதம் உச்சத்தில் இருக்கும்போது ஓட்டச் சொல்கிறோம். நீர் 2 மீட்டர் ஏறினால், பொய்க்கோடும் கடலடியிலிருந்து 2 மீட்டர் தள்ளிப்போகும். அதே தடத்தை வற்றும்போது மறுபடி ஓட்டிப் பார்த்தால், இடம் மாறிய கோடு பொய், மாறாதது அடுக்கு.

இங்கே நம்மை அதிகம் ஏமாற்றுவது வாயு. அலையாத்திக் காடுகளை ஒட்டிய சேற்றில் கரிமப் பொருள் அழுகி மீத்தேன் உண்டாகிறது. சின்னச் சின்னக் குமிழிகளே போதும், கீழே உள்ள எல்லாம் மறைந்துவிடும். மணலும் ஒலியை அடைக்கும். மணலில் ஒலி இழப்பு மீட்டருக்கு, கிலோஹெர்ட்ஸுக்கு 0.5 டெசிபலை ஒட்டி இருக்கும், களிமண்ணில் 0.1 அல்லது அதற்கும் குறைவு. 4 கிலோஹெர்ட்ஸில் 10 மீட்டர் போய்வர மணல் 40 டெசிபலை விழுங்கும், களிமண் 8 டெசிபலோடு விட்டுவிடும். இரண்டையும் பிரிக்க, கடலடிக் கோட்டைப் பாருங்கள். மணல் என்றால் கடலடியே பளிச்சென்று, பொய்க்கோடும் அழுத்தமாக இருக்கும். வாயு என்றால் கடலடி மெலிந்திருக்க, சற்றுக் கீழே கரும்பட்டை ஒன்று அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஓரங்கள் செங்குத்தாக அறுந்திருக்கும். அந்தப் பட்டையின் அலை கடலடி அலைக்குத் தலைகீழாகவும் வரும். ஆனால் பல மென்பொருள்கள் செக்-ஒய் (SEG-Y, நில அதிர்வுத் தரவு வடிவம்) கோப்பில் அலையின் மேலுறையை, அதாவது அதன் வலிமையை மட்டுமே எழுதுகின்றன. அதில் தலைகீழா நேரா என்றே தெரியாது. முழு அலையையும் சேமிக்கும் தேர்வை முதல் நாளே போட்டுவிடுங்கள். பிறகு திரும்பக் கிடைக்காது.

எதிரொலியின் தோற்றத்தை வகைப்படுத்தும் முறையை 1970களில் கடல் புவியியலாளர் ஜான் டமூத் மேற்கு அட்லாண்டிக்கின் 3.5 கிலோஹெர்ட்ஸ் பதிவுகளில் வளர்த்தெடுத்தார். தெளிந்த கோடுகள் தொடர்ந்தால் மணல் குறைவு; மங்கி நீண்ட எதிரொலியாக இருந்து கீழே அடுக்கே தெரியாவிட்டால் பருமணல் அதிகம். அது ஆழ்கடலுக்கு அருமையான விதி. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த் பக்கத்துச் சேற்றில் அதை அப்படியே வைத்தால், வாயுவும் தூர்வாரிய தரையும் மணலாகப் படிக்கப்படும்.

அடுக்கின் பெயரைவிட அதன் வடிவத்தை நாங்கள் அதிகம் நம்புகிறோம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது; இந்த நீரிணை அப்போது தரை. ஆறுகள் அறுத்த பள்ளங்களின்மேல்தான் பின்னால் மென்களிமண் படிந்தது. கீழே மேடுபள்ளமான அழுத்தக் கோடு, மேலே ஏறக்குறைய வெறுமையான பகுதி என்று அது பதிவில் வரும். பள்ளத்துக்குள் இருக்கும் அடுக்குகள் தரையின் வளைவை அப்படியே போர்த்தியிருந்தால், கலங்கல் மெல்ல அடங்கிப் படிந்தது என்று பொருள். கிடைமட்டமாக நிரம்பிச் சரிவில் முட்டி நின்றால், அடியோட்டம் கொண்டுவந்து தேக்கியது. மேலடுக்கு கீழடுக்குகளைச் சாய்வாக அறுத்திருந்தால் இடையில் அரிப்பு நடந்திருக்கிறது. செங்குத்து அளவு பெரிதாக்கப்பட்டிருப்பதை நினைவில் வைத்துச் சரிவைக் கணக்கிடுங்கள்; திரையில் செங்குத்தாகத் தெரிவது பல நேரம் ஒன்றிரண்டு டிகிரிதான்.

இவை எல்லாவற்றையும் உறுதிசெய்ய, குழாயால் எடுத்த மண் மாதிரி வேண்டும். தன் எடையாலேயே சேற்றில் இறங்கும் ஈர்ப்புக் குழாய் 3 மீட்டர் இறங்கினாலும் உள்ளே 2 மீட்டர்தான் சேறு இருக்கலாம். வெளிப்புறச் சேற்றுத் தடத்தையும் உள்ளே உள்ள நீளத்தையும் தனித்தனியே குறியுங்கள்; இல்லாவிட்டால் கோடும் மண்ணும் பொருந்தாது. மாதிரி எடுக்கும் இடத்தையும் படகேறும் முன் பதிவைப் பார்த்தே தீர்மானியுங்கள்: 10 மீட்டர் அடியில் உள்ள அடுக்கு எங்காவது சாய்ந்தேறிக் கடலடியைத் தொட வரும். அங்கே குழாயை இறக்கினால் சிறிய கருவியே அந்த அடுக்கை எட்டிவிடும்.