மூடுபனியா, மலைக்குப் பின்னாலா, வெயிலா: சான் பிரான்சிஸ்கோ பக்கம் எங்கே குடியிருப்பது?

சென்னையிலிருந்து முதல்முறை வந்திருந்த அப்பாவை ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை சான் பிரான்சிஸ்கோவின் ஓஷன் பீச்சுக்குக் கூட்டிப்போனேன். மெரினா நினைப்பில் அரைக்கைச் சட்டையோடு கிளம்பியவர், காரைவிட்டு இறங்கிய இரண்டாவது நிமிடம் மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டார். 15 டிகிரி. எதிரே கடல் இருக்கிறது என்பதே சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. அன்று சாயங்காலம் கிழக்கே உள்ளே தள்ளி இருக்கும் ட்ரேசியில் நண்பன் வீட்டில் சாப்பாடு, சாலை வழியே 110 கிலோமீட்டர் இருக்கும். அங்கே இறங்கினால் 38. "ஒரே நாள்ல ஊட்டியும் வேலூரும் காட்டிட்டியே" என்றார்.

(டிகிரி எல்லாம் செல்சியஸில்தான் சொல்கிறேன். இத்தனை வருடமாகியும் ஃபாரன்ஹீட் எனக்கு உடம்பில் ஒட்டவில்லை.)

இங்கே வீடு தேடும் நம்மவர்கள் பள்ளிக்கூடம், ஆபீஸ் தூரம், விலை என்று மூன்றைத்தான் பேசுவார்கள். வெயில் பற்றிக் கேட்டால் "கலிஃபோர்னியாதானே, எல்லா இடமும் நல்லாத்தான் இருக்கும்" என்பார்கள். இல்லவே இல்லை. அந்த மூன்றாவது விஷயமான விலைக்குள் வெயில் ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது, நீங்கள் கேட்காவிட்டாலும் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறீர்கள்.

காரணம் லேசானது. வடமேற்கிலிருந்து கரையோரமாக அடிக்கும் காற்று மேல்மட்டத் தண்ணீரை நடுக்கடலுக்குத் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. கோடையிலும் கடல் 13, 14 டிகிரியில்தான் கிடக்கும், அதன்மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்துதான் மூடுபனி ஆகிறது. அதே சமயம் உள்ளே மத்தியப் பள்ளத்தாக்கு அடுப்பு மாதிரி கொதித்து, சூடான காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று ஓடி வருகிறது. நடுவே மலைத்தொடர். அதில் கடல்மட்டத்துக்கு உடைந்த வாசல் கோல்டன் கேட் ஜலசந்தி ஒன்றுதான், மற்ற இடங்களில் மலை தாழ்ந்த கணவாய்கள் வழியாகக் கொஞ்சம் கொஞ்சம் நுழையும். ஆக உங்கள் வீட்டு வெயிலைத் தீர்மானிப்பது கடல் எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, கடலுக்கும் உங்களுக்கும் நடுவே எத்தனை மலை என்பதுதான்.

இந்தக் கணக்கில் நான்கு இடங்களாகப் பிரித்துச் சொல்கிறேன். முதலில் கடலை ஒட்டியது: சான் பிரான்சிஸ்கோவின் சன்செட், ரிச்மண்ட் பகுதிகள், தெற்கே டேலி சிட்டி, பசிஃபிகா. நான் சன்செட்டில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்தேன். மணல்மேடாகக் கிடந்த இடத்தில் பெரும்பாலும் 1930, 40களில் கட்டிய, ஒன்றையொன்று ஒட்டிய வீடுகள். ஏசி கிடையாது, தேவையும் இல்லை. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் ஹீட்டர் போட வேண்டியிருக்கும். இந்த நகரத்தில் வருடத்தின் சூடான மாதம் செப்டம்பர். அப்போதும் சராசரி உச்சம் 22 டிகிரிக்குள்தான். ஜனவரி உச்சம் 14. குளிருக்கும் கோடைக்கும் அவ்வளவுதான் வித்தியாசம், ஒரே ஜாக்கெட்டில் வருடத்தை ஓட்டிவிடலாம். மூடுபனிக்கு 2010இல் யாரோ ட்விட்டரில் 'கார்ல்' என்று கணக்குத் திறந்தார்கள், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. படிக்க ஜாலியாக இருக்கும். ஆறு வாரம் வெயில் முகம் பார்க்காமல், காயப்போட்ட துணி காயாமல், அலமாரிக்குள் பூஞ்சை பிடித்த பட்டுப்புடவையை மனைவி எடுத்துக் காட்டும்போது அவ்வளவு ஜாலியாக இருக்காது. அதே நகரத்தில் ட்வின் பீக்ஸ் குன்றுக்குக் கிழக்குப் பக்கம் மிஷன் பகுதிக்கு வந்தால் பளிச்சென்று வெயில், நடுவில் சில கிலோமீட்டர்தான்.

இரண்டாவது, ஒரு மலை தள்ளி உள்ளது. பாலோ ஆல்டோ, சன்னிவேல், சான்டா கிளாரா, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கு எதிர்ப்பக்கம் ஃப்ரீமாண்ட். சான்டா குரூஸ் மலைகள் மூடுபனியை நிறுத்திவிடும், வளைகுடாத் தண்ணீர் மேலே வரும் காற்று மட்டும் சாயங்காலம் எட்டிப் பார்க்கும். ஜூலை உச்சம் சராசரியாக 26, 28. ராத்திரி ஜன்னலைத் திறந்துவைத்தால் போர்வை வேண்டும். சிலிக்கான் சிப் கம்பெனிகள் வருவதற்கு முன்னால் சான்டா கிளாரா பள்ளத்தாக்கு முழுக்க ஆப்ரிகாட், பிளம், செர்ரி தோட்டங்களாக இருந்ததும் இந்தப் பதத்தால்தான். ரெட்வுட் சிட்டியில் ரோட்டுக்கு மேலே வளைவு கட்டி, அரசாங்கச் சோதனையில் தேறிய சிறந்த காலநிலை என்று இன்றும் விளம்பரம் செய்துகொண்டிருக்கிறார்கள்!

இங்கேதான் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கணக்கில் கடலைப் பார்த்த வீட்டுக்குத்தான் கிராக்கி. இங்கே கடலை ஒட்டிய டேலி சிட்டியையும் பசிஃபிகாவையும்விட, கடலே கண்ணில் படாத சன்னிவேலும் பாலோ ஆல்டோவும் விலை அதிகம். ஆபீஸ்களும் பள்ளிக்கூடங்களும் அங்கே இருப்பது பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் பணம் இருப்பவன் உண்மையில் ஆசைப்படுவது கடலை இல்லை, கடல் அனுப்பும் மிச்சக் குளிர்ச்சியைத்தான்.

ஆசைப்பட்டால் போதுமா? இடம் காலியானால்தானே. 1978இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் பிரேரணைப்படி (Proposition 13) சொத்துவரி வீட்டை வாங்கிய விலையை வைத்துத்தான், வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. நாற்பது வருடத்துக்கு முன் வாங்கிய பெரியவர் கட்டுவதைப்போலப் பல மடங்கு, போன வருடம் பக்கத்து வீட்டை வாங்கியவர் கட்டுகிறார். அந்தப் பெரியவர் எதற்கு விற்கப் போகிறார்? புதிய அடுக்குமாடி என்றாலும் எதிர்ப்பு. அதனால் பிந்தி வந்தவர்கள் மலை தாண்டி, இன்னொரு மலை தாண்டிப் போகிறார்கள்.

அப்படிப் போனால் மூன்றாவது, டப்ளின், பிளெசன்டன், லிவர்மோர். ஜூலை உச்சம் சராசரி 31, 32. ஏசி இல்லாமல் முடியாது, ஆனால் வறண்ட சூடு என்பதால் சென்னை மாதிரி பிசுபிசுப்பு இல்லை, நிழலில் நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். நடுத்தர வழி என்று இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், ஓரளவு சரிதான். லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில் வேறு பக்கத்தில். (ஜூலை மதியம் செருப்பில்லாமல் வெளியே தரையில் நடந்து பார்த்தவர்களுக்கு இந்த மூன்றாவது இடத்தின் காலநிலை பற்றி நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.) ஒரே பயம் செப்டம்பர் வெப்ப அலை. 2022 செப்டம்பரில் லிவர்மோரில் 46 டிகிரியைத் தாண்டியது. கடலோரமும் முழுசாகத் தப்பாது, 2017 செப்டம்பர் 1ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவிலேயே 41. காற்று திசை மாறி உள்நாட்டிலிருந்து அடித்தால் கதை அவ்வளவுதான். ஏசியே இல்லாத ஊரில் 41 என்பது லிவர்மோரின் 46ஐவிடக் கொடுமை.

நான்காவது ட்ரேசியும் மவுண்டன் ஹவுஸும். 2024 ஜூலையில்தான் மவுண்டன் ஹவுஸ் தனி நகரமானது, நம்மவர்கள் நிறைய. ஃப்ரீமாண்டைவிட நன்றாகவே குறைந்த விலைக்கு, அதைவிடப் பெரிய புது வீடு. ஜூலை உச்சம் 34, 35, பல நாட்கள் அதற்கும் மேலே. லிவர்மோருக்கும் ட்ரேசிக்கும் நடுவே ஆல்டமான்ட் கணவாயில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள், கடற்காற்று அந்த வழியாகத்தான் சாயங்காலம் வந்து ராத்திரியைக் குளிரவைக்கும். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் பெரும்பாலும் அதே கணவாயில், 580 நெடுஞ்சாலை நெரிசலில், காற்றோடு சேர்ந்து வந்துகொண்டிருப்பீர்கள். ஏஸ் ரயில் வார நாட்களில் காலை சான் ஹோசே பக்கம் போய் மாலை திரும்பும், நேரம் ஒத்துவந்தால் பெரிய வரம். கரன்ட் பில்லையும் மறக்க வேண்டாம். கலிஃபோர்னியாவின் மின்கட்டணம் இந்த நாட்டிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று, கூரையில் சோலார் இல்லாமல் அங்கே கோடையை ஓட்டுவது கஷ்டம். (மாறாக சான்டா கிளாராவில் நகராட்சியே மின்சாரம் தருகிறது, கட்டணம் குறைவு. வாடகைக்குப் பார்ப்பவர்கள் இதை விசாரிப்பதே இல்லை.) குளிர்காலத்தில் அங்கேயும் மூடுபனி உண்டு, கடல் தந்தது இல்லை, ஈரத்தரையிலிருந்து எழுவது, 'டூலி' என்பார்கள். எதிரே போகும் லாரி தெரியாது.

தெற்குக் கோடியில் இருக்கும் சான் டியாகோதான் சிறந்தது என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். ஜனவரியில் 19, ஆகஸ்டில் 25, வேறென்ன வேண்டும். ஆனால் நம் வேலைக்கு அங்கே வாய்ப்பு குறைவு, வேலை அமைந்தவர்கள் யோசிக்காமல் போகலாம்.

நாங்கள் கடைசியில் ஃப்ரீமாண்டில் சின்ன அபார்ட்மென்டில் தங்கிவிட்டோம், வாடகைதான். வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் என்பதால் இந்த முடிவு. இரண்டு நாள் போனால் போதும் என்றிருந்தால் லிவர்மோருக்குப் போயிருப்பேன். நாள் முழுக்க வீட்டில் இருக்கும் வயதான பெற்றோர் கூட இருந்தால் ட்ரேசி வேண்டாம் என்பேன், சன்செட்டும் வேண்டாம், அங்கே அவர்கள் வெயிலுக்கு ஏங்கிப்போவார்கள்.

எதுவானாலும் ஏப்ரலில் வீடு பார்க்கப் போகாதீர்கள். அப்போது நான்கு இடத்துக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, மலையெல்லாம் பச்சையாக இருக்கும், ஏஜென்டுகளும் அப்போதுதான் மும்முரமாகக் கூப்பிடுவார்கள். ஜூலையில் ஒரு நாள் மாலை நான்கு மணிக்குப் போய் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள்.