துறந்தவரும் மோதியவரும்: சுப்பிரமணிய ஐயர், சங்கரன் நாயர்

சென்னையில் வழக்கறிஞர்களாக உயர்ந்து, உயர் நீதிமன்ற நீதிபதிகளாகவும் அமர்ந்த சர் எஸ். சுப்பிரமணிய ஐயரும் சர் சி. சங்கரன் நாயரும் ஆங்கில அரசோடு முரண்பட்ட விதம் வேறு வேறு. ஓய்வுக்குப் பின், இந்தியாவுக்குத் தன்னாட்சி கோரிய ஹோம் ரூல் இயக்கத்தில் இறங்கிய ஐயர், 1917-இல் அமெரிக்க அதிபர் வில்சனுக்கு எழுதிய கடிதத்துக்காகக் கண்டிக்கப்பட்டதும் பட்டங்களைத் துறந்தார்.

நாயரின் வழியே, என் கணிப்பில், கடினமானது. பஞ்சாபின் இராணுவச் சட்டக் கொடுமைகளை எதிர்த்து 1919-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவிலிருந்து விலகிய அவர், 1922-இல் காந்தியின் ஒத்துழையாமையையும் சாடி நூல் எழுதினார். அந்நூலில் பஞ்சாபின் முன்னாள் துணைநிலை ஆளுநர் ஓ'டுவையரைக் குற்றம் சாட்டியதற்காக, 1924-இல் லண்டனில் அவதூறு வழக்கில் தோற்று, 500 பவுன் இழப்பீட்டுக்கு ஆளானார். வழக்கில் முடிவு சொன்ன ஜூரர்களுள் அவர் பக்கம் நின்றவர் ஆங்கில அரசியல் அறிஞர் ஹரால்ட் லாஸ்கி ஒருவரே.